டிசைன் படிப்பில் சேரப் போகிறவர்களே, பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இரண்டரை லட்சம். ஒரே தவணையில் கட்டிய பணம். அது திரும்பி வராது என்று இன்று காலை ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. மொத்தமே மூன்று வரி. அந்த மூன்று வரியிலும் என் பெயரைத் தப்பாக அடித்திருக்கிறார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் 'போனது போகட்டும்' என்று இருந்துவிடுவேன். அடுத்த ஆண்டு வேறொரு பிள்ளை அதே மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடும்.

கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கிராஃபிக் டிசைனும் காட்சித் தொடர்பியலும் கற்றுத் தருவதாகச் சொல்லும் தனியார் நிறுவனம். வணிகக் கட்டடம் ஒன்றில் இரண்டு மாடி, கண்ணாடிக் கதவு, வரவேற்பறையில் அழகான நாற்காலிகள். இப்படிப்பட்ட இடங்களில் ஒன்று மூடினால் இன்னொன்று திறக்கும். ஆகவே பெயரைவிட அடையாளம்தான் முக்கியம்.

சேர்க்கை விசாரிக்கப் போன அன்று எங்களை அலுவலகத்துக்குக் கூட்டிப்போகவில்லை. முதலில் ஒரு சுவரைக் காட்டினார்கள். நீளமான வெள்ளைச் சுவர், மேலே வரிசையாகச் சிறு விளக்குகள். தேயிலைப் பெட்டி, சோப்பு உறை, இசை விழாச் சுவரொட்டி, ஒரு விமான நிறுவனத்துக்கு லோகோ முதல் பணியாளரின் பெயர் அட்டை வரை முழு வடிவமைப்பு. ஒவ்வொன்றின் கீழும் மாணவரின் பெயர், படித்த ஆண்டு. அம்மா தேயிலைப் பெட்டியின் முன்னால் நின்றுவிட்டார். அம்மாவுக்கு டிசைன் படிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. நல்ல பொருளைப் பார்த்தால் தெரியும். "இதையெல்லாம் முதலாமாண்டுப் பிள்ளைகளா செய்தார்கள்?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. தம்பியும் ஆறே மாதத்தில் இப்படிச் செய்வார், பாருங்கள்" என்றார் சேர்க்கை ஆலோசகர். என் தோளில் தட்டியும் கொடுத்தார்.

நாங்கள் பணம் கட்டியது அந்தச் சுவரை நம்பித்தான். பாடத்திட்டப் புத்தகமும் கையில் கொடுத்தார்கள். வழவழப்பான தாள், நல்ல அச்சு. முதல் பருவத்தில் வரைதல், வண்ணக் கோட்பாடு, எழுத்துருவியல், வடிவமைப்பு வரலாறு, அச்சுத் தயாரிப்பு. படிக்கப் படிக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இன்னும் இரண்டு இடம்தான் இருக்கிறது, நாளைக்கு இருக்குமா என்று சொல்ல முடியாது" என்றார்கள். அன்று மாலையே இரண்டரை லட்சம் அவர்கள் கணக்குக்குப் போயிற்று. வகுப்பு தொடங்கி வெகுநாள் ஆன பிறகும் அந்த இரண்டு இடங்களுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது தனிக் கதை.

இனி வகுப்பு. வடிவமைப்பு வரலாறு ஒரே பிற்பகலில் முடிந்தது. நவீன வடிவமைப்புக்கு வழிகாட்டிய பௌஹவுஸ் என்ற ஜெர்மன் கலைப் பள்ளிக்கு ஒரே ஒரு ஸ்லைடு. தலைப்பை பௌஹவுஸ் என்ற பெயருள்ள எழுத்துருவில் போட்டு, கீழே 'ஜெர்மனி, 1919' என்று எழுதியிருந்தார் ஆசிரியர். அவ்வளவுதான். வால்டர் க்ரோப்பியஸ் வைமார் நகரில் அதைத் தொடங்கினார், நாஜிகளின் நெருக்குதலில் 1933-இல் அது மூடப்பட்டது என்பதெல்லாம் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டவை. அங்கே சேர்ந்த மாணவர்கள் எந்தப் பட்டறைக்குப் போவதற்கு முன்னும் அடிப்படைப் பயிற்சி ஒன்றை முடிக்க வேண்டும். காகிதம், மரம், கம்பி, வண்ணம் என்று கையால் தொட்டுப் பழகும் பயிற்சி. அங்கே ஆசிரியராக இருந்த யோசெப் ஆல்பெர்ஸ் மாணவர்களிடம் வெறும் காகிதத்தைக் கொடுத்து, மடித்தும் வெட்டியும் அதை நிற்க வைக்கச் சொல்வாராம். எங்கள் கல்லூரியில் காகிதத்துக்கே வேலையில்லை. "இங்கே எல்லாம் டிஜிட்டல்" என்று அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். வரைதல் வகுப்புக்கு ஆசிரியர் "அடுத்த வாரம்" வருவதாக இருந்தது. நான் விலகும்வரை அந்த அடுத்த வாரம் வரவில்லை.

மீதி நேரமெல்லாம் மென்பொருள்தான். எந்தப் பட்டியலுக்குள் எந்தக் கருவி, எந்தப் பொத்தானைத் தட்டினால் நிழல் விழும். அதுவும் பதிவு செய்து வைத்த வீடியோவைப் பெரிய திரையில் ஓடவிட்டு ஆசிரியர் ஓரத்தில் உட்கார்ந்து கைப்பேசி பார்ப்பார். ஆய்வகக் கணினிகளில் இருந்தது சோதனைக் காலப் பதிப்பு. காலம் முடிந்ததும் திரையில் ஒரு பெட்டி வந்து பணம் கேட்கும். "உன் மின்னஞ்சலில் புதிதாக ஒரு கணக்குத் தொடங்கு" என்பார்கள். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு திரைகளில் ஒரே சிவப்பு ஒன்றில் செங்கல்லாகவும் ஒன்றில் மாதுளையாகவும் தெரிந்தது. வண்ணக் கோட்பாடு நடந்த அறை அதுதான்.

தமிழில் ஒரு சுவரொட்டி செய்தேன். 'பெயர்' என்று தட்டினால் கொம்பு பகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. ஆசிரியரிடம் காட்டினேன். "எழுத்துரு சரியில்லை, வேறு போடு" என்றார். வேறு போட்டேன், அதே கோலம். "அப்படியானால் கைப்பேசியில் தட்டி, திரையைப் படம்பிடித்து, அந்தப் படத்தை ஒட்டிவிடு" என்றார். எழுத்துருவியல் சொல்லிக்கொடுக்கச் சம்பளம் வாங்குகிறவர் சொன்ன வழி இது. எழுத்துருவில் குறையே இல்லை. அந்த மென்பொருள் நிறுவியவுடன் ரோமன் எழுத்துகளுக்கு ஏற்றபடி இருக்கும். விருப்பத் தேர்வுகளுக்குள் போய்த் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். இதைத் தமிழில் அச்சு வேலை செய்யும் எவரும் சொல்லிவிடுவார்கள். அப்படித்தான் எனக்கும் தெரிந்தது.

அச்சுத் தயாரிப்பு என்று ஒரு பாடம் இருந்ததே, அதைக் கேளுங்கள். பருவ முடிவுக்கு ஒரு சுவரொட்டியை அச்சிட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள். கோப்பை எப்படித் தயார் செய்வது என்று ஒரு சொல் கிடையாது. அச்சகத்தில் கொடுத்தேன். திரையில் மின்னிய நீலம் தாளில் மங்கிப்போய் ஊதா கலந்து வந்தது. இணையத்திலிருந்து எடுத்த படம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. ஓரமெல்லாம் மெல்லிய வெள்ளைக் கோடு. அச்சகத்துக்காரர் சுவரொட்டியை மேசையில் விரித்து, அளவுகோலை ஓரத்தில் வைத்துக் காட்டினார். "வெட்டும்போது கத்தி ஒரு நூல் அங்கே இங்கே போகும் தம்பி. சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டிருக்க வேண்டும். படம் அச்சளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்க வேண்டும். திரை ஒளியில் மூன்று நிறத்தைக் கலக்கிறது, இயந்திரம் நான்கு மையைக் கலக்கிறது. அந்த நீலம் மையில் கிடையாது. கல்லூரியில் சொல்லித் தரவில்லையா?" என்றார். பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டிருக்க, நின்றபடியே இவ்வளவும் சொன்னார். அந்தக் கல்லூரியில் சேர்ந்த பிறகு நான் கற்ற உருப்படியான பாடம் அது ஒன்றுதான். அவர் அதற்குப் பணம் வாங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'நேரடித் திட்டம்' என்ற பெயரில் கடைகளுக்கான துண்டுப் பிரசுரங்களை எங்களிடம் செய்யச் சொன்னார்கள். பயிற்சி என்று நினைத்து இரவெல்லாம் உட்கார்ந்து செய்தோம். கல்லூரி அவற்றைக் காசுக்கு விற்றது. கேட்டதற்கு, "உனக்கு அனுபவம் கிடைத்ததல்லவா?" என்றார்கள். கட்டணமும் நான் கொடுக்க வேண்டும், வேலையும் நான் செய்ய வேண்டும், கூலி மட்டும் அவர்களுக்கு.

இப்போது அந்தச் சுவருக்கு வருகிறேன். சேர்க்கை நாளில் ஆசையாக எடுத்த படங்கள் கைப்பேசியில் இருந்தன. ஒருநாள் தேயிலைப் பெட்டியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கவாட்டில், பொருட்களின் விவரம் இருக்க வேண்டிய இடத்தில், பொடி எழுத்தில் 'லோரம் இப்சம்' என்று தொடங்கும் பத்தி. அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்: உண்மையான வாசகம் வரும்வரை இடத்தை நிரப்பிவைக்கும் பொருளற்ற லத்தீன் அது. பண்டைய ரோமானிய எழுத்தாளர் சிசெரோவின் நூலொன்றைச் சிதைத்து உண்டாக்கியது. ஒரு மாணவர் பருவம் முழுக்க உழைத்து முடித்த பெட்டியில் அது எப்படி வரும்? படத்தை இணையத்தில் போட்டுத் தேடினேன். அதே பெட்டி, அதே நிழல், அதே கோணம். யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளும் டெம்ப்ளேட். சோப்பு உறையும் அப்படியே. விமான நிறுவனத்து வடிவமைப்பு எங்கோ ஒரு டிசைனர் தன் சொந்தத் தளத்தில் வைத்திருந்த வேலை. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பெயர்ச் சீட்டில் இருந்த 'மாணவர்கள்' யாரையும் மூத்த மாணவர்களுக்குத் தெரியவில்லை.

இதை எடுத்துக்கொண்டு போய் வரவேற்பறையில் கேட்டேன். "கணக்குப் பிரிவில் கேளுங்கள்." கணக்குப் பிரிவில் கேட்டால், "சேர்க்கைப் பிரிவுதான் பதில் சொல்ல வேண்டும்." தோளில் தட்டிய பெண்மணி என் முகத்தை மறந்திருந்தார். "நீங்கள் எந்த பேட்ச்?" என்று கேட்டார். தம்பி போய் நீங்கள் வந்துவிட்டது. இயக்குநர் எப்போதும் மீட்டிங்கில் இருந்தார். கடைசியில் அம்மாவே வந்து கதவருகில் காத்திருந்து பிடித்தபோது, "அவை மாணவர்களுக்கு ஊக்கம் தரும் மாதிரிகள்தானே அம்மா, நாங்கள் எங்கேயாவது எழுதிக் கொடுத்தோமா?" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். எழுத்தில் அனுப்புங்கள் என்றார், அனுப்பினோம். படிவத்தில் அனுப்புங்கள் என்றார்கள், அனுப்பினோம். மேலிடத்தில் இருக்கிறது என்றார்கள். அந்த மேலிடம்தான் இன்று காலை மூன்று வரி எழுதியிருக்கிறது: ரசீதின் பின்பக்கத்தில் உள்ள விதிப்படி இரண்டரை லட்சமும் திருப்பித் தரத்தக்கதல்ல.

ரசீதைத் திருப்பிப் பார்த்தேன். இருக்கிறது. 6 புள்ளி அளவில், அதாவது இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்குள், வெள்ளைத் தாளில் வெளிர் சாம்பல் நிறத்தில். எதைக் கண்ணில் படவைப்பது, எதை மறைப்பது என்பதுதான் காட்சித் தொடர்பியலின் அரிச்சுவடி. அந்தக் கல்லூரியிலும் அது தெரிந்த ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். ரசீது அச்சிடும் பிரிவில் இருக்கிறார்.

எப்படிப்பட்ட இடத்தில் சேரலாம், எதையெல்லாம் விசாரிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சுவரில் இருப்பதைப் படம் எடுத்து அன்றே இணையத்தில் தேடுங்கள். மாணவர் வேலை என்றால் அதன் கிறுக்கல்களைக் கேளுங்கள்; முடிந்த படம் மட்டும் இருந்து, அதற்கு முந்தைய கோட்டோவியம் ஒன்றுகூட இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். இப்போது படிக்கிற ஒருவரோடு, அலுவலகத்தார் பக்கத்தில் இல்லாமல், பேசுங்கள். வரைதல் ஆசிரியர் யார் என்று கேட்டு ஆளைப் பாருங்கள். வாசலில் 'ஐ.எஸ்.ஓ. 9001' என்று பெரிதாகப் போட்டிருந்தால் அதைப் பட்டத்துக்கான அங்கீகாரம் என்று எண்ண வேண்டாம். அது நிர்வாக முறைக்குத் தரப்படும் சான்று, அதையும் ஐ.எஸ்.ஓ. நேரடியாகத் தருவதில்லை, வேறு நிறுவனங்கள்தான் தருகின்றன. பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும் என்று கேட்டு, அந்தப் பல்கலைக்கழகத்திடமே உறுதிசெய்யுங்கள். 'இரண்டு இடம்தான்' என்றால் அந்த இரண்டும் அவர்களுக்கே இருக்கட்டும். முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறக்க வேண்டாம். மூலச் சான்றிதழ்களைக் கையில் கொடுக்காதீர்கள், நகல் போதும். என்னுடையவை இன்னும் அவர்கள் அலமாரியில் இருக்கின்றன. 'சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன், எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் தருவார்களாம். அப்படி ஒரு தாளை யார் நீட்டினாலும், எவ்வளவு இனிமையாகப் பேசி நீட்டினாலும், பேனாவை எடுக்காதீர்கள். நான் போடவில்லை. சான்றிதழ்களையும் இரண்டரை லட்சத்தையும் சேர்த்தே கேட்டு நாளைக்குப் பதிவுத் தபால் போகிறது.