அறிவியல் மெய்யியல் இணையவழிப் பாடம்: ஒரு மதிப்புரை

அறிவியல் அறிவின் இயல்பை விளக்கும் இந்தப் பாடத்தில் என்னை மிகவும் ஈர்த்தது, தவறெனக் காட்ட வாய்ப்புள்ள கூற்றே அறிவியலுக்கு உரியது என்னும், மெய்யியலாளர் கார்ல் பாப்பரின் பொய்ப்பித்தல் கோட்பாட்டை வரையறையோடு நிறுத்தாமல் வானியல் வரலாற்றில் உரசிப் பார்த்த பகுதிதான். யுரேனசின் பாதை நியூட்டனின் கணக்கிலிருந்து விலகியபோது அறிஞர்கள் கோட்பாட்டைக் கைவிடாமல் இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்று கருதினர். 1846இல் நெப்டியூன் அகப்பட்டது. அதே உத்தியைப் புதன் கோளின் பாதை விலகலுக்கும் கையாண்டு வல்கன் என்ற கோளைத் தேடியவர்களுக்கோ எதுவும் கிட்டவில்லை. நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையின் 3,600இல் ஒரு பங்கு) என்ற அந்தச் சிறு பிசகை 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல்தான் தீர்த்துவைத்தது. ஒரே நடைமுறை ஓரிடத்தில் நுண்ணறிவாகவும் மற்றோரிடத்தில் பிடிவாதமாகவும் தோன்றுவதை ஆசிரியர் அவசரமின்றி எடுத்துரைக்கிறார். அறிவியல் புரட்சிகளை ஆராய்ந்த தாமஸ் கூனுக்கு ஒதுக்கிய நேரம் போதாது. தேர்வு வினாக்களோ, மனப்பாடத்தை மட்டுமே சோதிப்பதால், பாடத்தின் தரத்துக்கு ஈடாகவில்லை.