பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம்: மழையில் தொடங்கும் 38 நிமிடம்

ஊசி இறங்கியதும் முதலில் மழைதான். பிறகு தூரத்தில் தேவாலய மணி, ஓர் இடி. ஜூலை மாதம் குன்னூரில் தகரக் கூரை வீட்டில் இதைக் கேட்டால் தட்டில் பெய்யும் மழை எது, கூரையில் பெய்யும் மழை எது என்று பிரிக்க முடியாது. அதனால்தான் பலரும் இந்த இடத்தில் சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்கள். கூட்டாதீர்கள். அரை நிமிடம் தாண்டியதும் கிடார் மொத்த எடையோடு விழும், ஸ்பீக்கர் உதறிவிடும்.

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, வெர்டிகோ லேபிளில் வந்த தட்டு இது. பிளாக் சப்பாத் என்ற ராக் குழு, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர ஆஸ்டன் பகுதிப் பையன்கள் நான்கு பேர்: கிடார் டோனி அயோமி, பேஸ் கீசர் பட்லர், டிரம்ஸ் பில் வார்ட், பாட்டு ஆஸி ஆஸ்போர்ன். தயாரிப்பாளர் ராட்ஜர் பெயின். லண்டன் ரீஜண்ட் சவுண்ட் ஸ்டுடியோவில் 1969 அக்டோபரில் ஒரே நாளில் வாசித்து முடித்தார்கள். நால்வரும் மேடையில் வாசிப்பதுபோல் சேர்ந்து வாசித்தார்கள், அது அப்படியே பதிவானது. பிற்பாடு சேர்த்தது மழை, இடி, மணி, அப்புறம் 'என்.ஐ.பி', 'ஸ்லீப்பிங் வில்லேஜ்' இரண்டிலும் இரட்டையாகக் கேட்கும் கிடார் சோலோ. ஏறக்குறைய அவ்வளவுதான். இது தெரிந்து கேட்டால், "ஒலிப்பதிவு கரடுமுரடாக இருக்கிறது" என்ற குறை பாதி கரைந்துவிடும்.

முதலில் வரும் தலைப்புப் பாட்டை ('பிளாக் சப்பாத்') நம் கர்நாடக சங்கீதக் கணக்கில் சொல்லலாம். ஜி-யை ஷட்ஜமாக வைத்தால் ச, மேல் ச, பிரதி மத்தியமம். மூன்றே ஸ்வரம். பிரதி மத்தியமம் நமக்குப் புதிதில்லை, கல்யாணியில் கேட்டுப் பழகியதுதான். ஆனால் கல்யாணியில் காந்தாரமும் பஞ்சமமும் இரு பக்கமும் துணை நிற்கும். இங்கே மேல் ஷட்ஜத்திலிருந்து நேராக மத்தியமத்தில் விழுந்து, பஞ்சமத்தைத் தொட்டுத் தொட்டு நடுங்குகிறது, அங்கே போய் அமர்வதில்லை. அந்த அமராத நிலையில்தான் பயமே இருக்கிறது. நாலரை நிமிடம் கழித்து வேகம் பிடிக்கும் வரை பில் வார்ட் எவ்வளவு இடத்தைக் காலியாக விடுகிறார் என்று கவனியுங்கள். இந்தப் பாட்டின் கனம் அந்தக் காலி இடத்தில் இருக்கிறது.

கிடார் கற்பவர்கள் இங்கே தவறாமல் ஒரு தப்பு செய்கிறார்கள். சப்பாத் என்றதும் ஆறு கம்பியையும் தளர்த்திவிடுகிறார்கள். இந்த ஆல்பம் சாதாரண ட்யூனிங்கில்தான் இருக்கிறது. மூன்று அரை ஸ்வரம் இறக்கி சி ஷார்ப்புக்குப் போனது 1971-இல் வந்த மூன்றாம் ஆல்பத்தில். இறக்கி வைத்துக்கொண்டு தட்டோடு சேர்ந்து வாசித்தால் ஃபிரெட் (கிடார் கழுத்தின் குறுக்குக் கட்டை) எதுவும் பொருந்தாது, மெல்லிய கம்பியாக இருந்தால் தகடு அதிர்வதுபோல் இரையும். அயோமி மெல்லிய கம்பி போட்டதற்குக் காரணம் உண்டு. 17 வயதில் தகட்டுத் தொழிற்சாலை இயந்திரத்தில் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. அவர் இடதுகைக்காரர் என்பதால் ஃபிரெட்டை அழுத்தும் கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுறை செய்து, மேலே தோல் ஒட்டி வாசித்தார்.

ஆம்ப் லேனி கம்பெனியுடையது, அதற்கு முன்னால் உச்ச ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் டிரபிள் பூஸ்டர். ஆகவே அந்தத் தொனி வேண்டுமென்றால் ஆம்பில் அடி ஒலியைக் (பேஸ்) குறைத்து நடு ஒலியை (மிட்) ஏற்றுங்கள், கரகரப்பைக் கூட்டும் கெயின் பாதிக்கு மேல் வேண்டாம். அவருடைய எஸ்.ஜி மாடல் கிடாரில் இருந்தது பி-90 என்னும் ஒற்றைச் சுருள் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம். அது சுற்றியுள்ள இரைச்சலையெல்லாம் இழுக்கும். எர்த் சரியில்லாத பழைய வயரிங் உள்ள வீடுகளில் இரைச்சல் இரட்டிப்பாகும். கிடாரைக் குறை சொல்லும் முன் பிளக் பாயிண்டைப் பாருங்கள்.

ஊட்டி, கோத்தகிரி பக்கம் ராக் கேட்பவர்களுக்குள் வாக்குவாதம் கிளம்புவது இரண்டாம் பக்கத்தை வைத்துத்தான். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் 'வார்னிங்' கிடார்காரர்களுக்கு உயிர். மற்றவர்களுக்குப் பொறுமைச் சோதனை. நடுவில் கிடார் தனியாகத் திரியும் பகுதி தொய்வுதான் என்பது எங்கள் எண்ணம். ஆனால் பாட்டு திரும்பி வரும் இடத்தில் ஆஸியின் குரலில் இருக்கும் வெறுமை அந்தத் தொய்வு இல்லாமல் வந்திருக்காது. 'ஈவில் உமன்' குரோ என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டு. மனசில்லாமல் வாசித்தது மாதிரி இருக்கிறது, ஆல்பத்தில் பலவீனமானது இதுவே. அமெரிக்கப் பதிப்பில் இதற்குப் பதில் 'விக்கட் வேர்ல்ட்' இருக்கிறது. தொடக்கத்தில் ஹை-ஹாட் (டிரம்ஸில் காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தாளம்) ஜாஸ் நடையில் நடப்பதைக் கேளுங்கள், பில் வார்டின் வேர் எங்கே என்று புரியும். அயோமியின் ஸ்ட்ராடோகாஸ்டர் கிடார் இந்தப் பாட்டோடு பழுதாகி, மற்றதை எஸ்.ஜி-யில் வாசித்தார். தொனி வித்தியாசத்தைக் காதால் பிடிக்கலாம்.

'என்.ஐ.பி' வாவா பெடல் (காலால் அழுத்தி ஒலியை 'வா-வா' என்று வளைக்கும் கருவி) போட்ட பேஸ் தனியாவர்த்தனத்தோடு தொடங்கும். பெயருக்கு மர்மமான விளக்கம் எதுவும் தேட வேண்டாம், வார்டின் தாடி பேனா நிப் மாதிரி இருந்ததால் வந்தது. ஸ்ட்ரீமிங்கில் சில பதிப்புகளில் இது முந்தைய பாட்டோடு ஒட்டி ஒரே நீளப் பாட்டாக இருக்கும். தனியாகக் காணோமே என்று தேடாதீர்கள்.

இனி தட்டு வாங்குபவர்களுக்கு. தட்டின் நடுக் காகிதத்தில் வெர்டிகோவின் சுழல் வடிவம் போட்ட முதல் பதிப்பு சேகரிப்பவர்களுக்கானது, கேட்பதற்குப் புது மறுபதிப்பு போதும். நம் ஊர் ஈரத்தில் காகித உறையில் வைத்தால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் உள்ளுறை, நிமிர்த்தி வைத்த அலமாரி, ஒன்றிரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். பிடித்துவிட்டால் காய்ச்சி வடித்த தண்ணீர் நான்கு பங்கு, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, ஒரு சொட்டு சோப்பு நீர். மெல்லிய துணியால் பள்ளத்தின் வழியே வட்டமாகத் துடைத்து, வெறும் வடித்த தண்ணீரால் இன்னொரு முறை. பழைய 78 தட்டுகளுக்கு மட்டும் இந்தக் கலவை ஆகாது, அவை செய்யப்பட்ட ஷெல்லாக் அரக்கை ஆல்கஹால் அரித்துவிடும். காய வைக்கிறேன் என்று கணப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது, வளைந்துவிடும்.

பழைய பங்களாக்களின் மரத்தளம் இன்னொரு தொல்லை. ஸ்பீக்கரின் அதிர்வு பலகை வழியே ஊசிக்குத் திரும்பி, பேஸ் வரும் இடமெல்லாம் ஊளையிடும். சுவரில் அடித்த தட்டுப்பலகை மேல் ஒரு கடப்பாக் கல், அதன்மேல் டர்ன்டேபிள் என்று வைத்தால் பெரும்பாலும் தீரும். காலைக் குளிரில் ரப்பர் பெல்ட் விறைத்திருக்கும், பத்து நிமிடம் வெறுமனே சுற்றவிடுங்கள். வேகம் சரியா என்று பார்க்க, ட்யூன் செய்த கிடாரில் ஜி-யைத் தட்டித் தலைப்புப் பாட்டோடு ஒப்பிட்டால் போதும்.

முதல் பக்கம் முடிந்ததும் 'விக்கட் வேர்ல்ட்'-ஐப் போனில் ஒருமுறை கேட்டுவிட்டு, தட்டைத் திருப்பி, 'ஈவில் உமன்'-ஐத் தாண்டி, ஊசியை 'ஸ்லீப்பிங் வில்லேஜ்' தொடங்கும் கோட்டில் இறக்குங்கள்.