உயிர்வேலிக்கு விராலியா, ஹோஹோபாவா?

அரிசோனாவின் டூசானில் வீடு வாங்கியதும் பலர் தேடுவது, பக்கத்து வீட்டை மறைக்கிற மாதிரி வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் ஒரு புதர். மழையோ ஆண்டுக்குச் சுமார் 300 மி.மீ. தான். அரளி நன்றாக வளரும், ஆனால் இலை, பூ, தண்டு எல்லாம் விஷம். அதை ஒதுக்கினால் மிஞ்சுகிறவற்றில் நான் பரிந்துரைப்பது இரண்டு: ஹாப்புஷ், ஹோஹோபா.

ஹாப்புஷ் என்பது வேறொன்றுமில்லை, நம்மூர் விராலிதான். விராலிமலைக்குப் பெயர் வந்ததே இந்தச் செடியால்தான் என்பார்கள். அதே பிசுபிசுத்த இலை, அதே சிறகு வைத்த காய். அரிசோனா மலைச்சரிவுகளிலும் தானாகவே வளர்கிறது. ஊர்ப்பாசத்தில் பாதிப் பேர் இங்கேயே முடிவெடுத்துவிடுவார்கள். காரணமும் இருக்கிறது: வேகமாக வளரும், பத்துப் பன்னிரண்டு அடி வரை போகும், மறைப்பு சீக்கிரம் கிடைக்கும். ஆனால் கோடையில் மாதம் ஒன்றிரண்டு முறையாவது ஆழமாகத் தண்ணீர் விட வேண்டும். விட்டுவிட்டால் செத்துப்போகாது, இலை உதிர்ந்து இடைவெளி விழும். மறைப்புக்காக வைத்த செடியில் அது பெரிய குறைதானே?

ஹோஹோபா, டூசானைச் சுற்றியிருக்கும் சோனோரன் பாலைவனத்தின் சொந்தப் பிள்ளை. ஷாம்பு பாட்டிலில் பெயரைப் பார்த்திருப்பீர்கள். விதையின் எடையில் ஏறக்குறைய பாதி திரவ மெழுகு. 1970களில் திமிங்கில எண்ணெய்க்கு மாற்றாக அதைத் தேடிப் போனார்கள். தோட்டக்காரனுக்கு முக்கியம் அதன் இலை. தடித்த, சாம்பல் பூத்த இலைகள் செங்குத்தாக நிற்கும். அதனால் உச்சிவெயில் இலையின் விளிம்பில்தான் படும். ஆணிவேர் வெகு ஆழம் போகும். ஒருமுறை ஊன்றிவிட்டால் பெரும்பாலும் மழையே போதும். தரையை ஒட்டியே அடர்ந்து வளர்வதால் அடியில் ஓட்டை தெரியாது.

சரி, குறை? பொறுமையைச் சோதிக்கும். இடுப்பளவு வரவே சில வருடங்கள் ஆகும், ஆறடிக்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஆண், பெண் செடிகள் தனித்தனி. பூக்கும் வரை எது எதென்று தெரியாது. காய் வேண்டுமென்றால் நாலைந்தாக வையுங்கள். ஆண் செடியின் மகரந்தம் காற்றில் பறக்கும், தும்மல்காரர்கள் ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

மாடி ஜன்னலை மறைக்க வேண்டுமென்றால் விராலிதான், வேறு வழியில்லை. மற்றபடி என் ஓட்டு ஹோஹோபாவுக்கு. ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தாலும் அது அப்படியே நிற்கும்.

எதை வைத்தாலும் அக்டோபருக்குப் பிறகு வையுங்கள். குழி தோண்டி முதலில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள்; மறுநாளும் தேங்கி நின்றால் அடியில் சுண்ணாம்பு இறுகிக் கிடக்கிறது, அதை உடைக்காமல் நட்டால் வேர் அழுகும். அப்புறம், ஹோஹோபா வாங்கும்போது சின்னத் தொட்டிச் செடியையே எடுங்கள். பெரிய தொட்டியில் ஆணிவேர் சுருண்டு போயிருக்கும்.