பபுள்கம் கறைக்கு நீலகிரித் தைலம்: பள்ளிப் பேன்ட்டுக்கு நாலு மார்க், பட்டுக்கு சைபர்

சளிக்கு ஆவி பிடிக்க வாங்கிய நீலகிரித் தைலம் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பல வீட்டு அலமாரிகளில் பாதி பாட்டிலாகக் கிடக்கும். துணியில் ஒட்டிய பபுள்கம்மையும் அது எடுக்கும். நன்றாகவே எடுக்கும். ஆனால் எடுத்த எடுப்பில் ஊற்றினால் காரியம் கெட்டது.

மென்று துப்பிய கம்மில் சர்க்கரையும் வாசனையும் போயிருக்கும். மிஞ்சுவது ரப்பர் மாதிரியான பசை. சோப்பும் தண்ணீரும் அதை அசைக்காது. சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். சித்திரை வெயிலில் மன்னார்குடி பஸ் சீட்டிலிருந்து பேன்ட்டுக்கு ஏறிய கம், வீடு வந்து சேர்வதற்குள் நூலிடுக்கில் இறங்கியிருக்கும். அதை வெந்நீரில் ஊறப்போடுவதும், துவைக்கிற கல்லில் அடிப்பதும் இன்னும் உள்ளே தள்ளுகிற வேலை.

ஆகவே முதலில் ஐஸ். கட்டிகளை பிளாஸ்டிக் கவரில் போட்டு கம்மின் மேல் 10–15 நிமிடம் வைக்கலாம். அதைவிட, கம் வெளியே தெரியும்படி துணியை மடித்து, கவரில் போட்டு ஃப்ரீசரில் ஒன்றிரண்டு மணி நேரம் வைப்பது மேல். எடுத்ததும் எவர்சில்வர் கரண்டிக் காம்பால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நெம்பினால் சில்லு சில்லாகப் பெயரும். பிளேடு வேண்டாம், நூல் அறுந்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே ஜவ்வு மிட்டாயாக இழுபட ஆரம்பிக்கும். இழுபட்டால் கையை நிறுத்திவிட்டு மறுபடி ஃப்ரீசர்தான். பெரும்பகுதி இதிலேயே போய்விடும்.

நூலில் படிந்து நிற்கும் மெல்லிய ஏடுதான் தைலத்தின் பங்கு. சாயம் போகிறதா என்று உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கறைக்கு அடியில் பழைய பனியன் துணியை மடித்து வைத்து, துணியின் பின்பக்கமாக ஐந்தாறு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். பிறகு முன்பக்கம் பஞ்சால் வெளியிலிருந்து உள்ளே ஒற்றி எடுக்க வேண்டும். பஞ்சு அழுக்கானதும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கரைந்த பசை பரவி, சாம்பல் நிறத்தில் வட்டம் கட்டும். அந்த வட்டத்தை எடுப்பது கம்மை எடுப்பதைவிடப் பெரிய பாடு. கடைசியில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு டீஸ்பூன் தடவி 10 நிமிடம் விட்டு வழக்கம்போல் துவைத்தால் எண்ணெய்ப் பசையும் போகும்.

டெரிகாட்டன் சீருடை, காட்டன் சட்டை, ஜீன்ஸ் எல்லாவற்றிலும் ஐந்துக்கு நாலு. ஒரு மார்க் குறைவது வாசனைக்கு. ஒரு துவைப்பில் முழுதாகப் போவதில்லை. ரப்பர் பிரிண்ட் போட்ட டி-ஷர்ட்டில் பிரிண்டே இளகலாம். திருபுவனம் பட்டு, கூறைநாட்டுப் புடவை, ஜரிகைக் கரை வேட்டி இவற்றின் கிட்டேயே கொண்டுபோக வேண்டாம். ஐஸ் கவரை உலர்ந்த துணியில் சுற்றி வைத்து, தானாகப் பெயர்ந்ததை மட்டும் எடுத்துவிட்டு, மீதியை டிரைகிளீனிங்குக்குக் கொடுங்கள். ‘கறை’ என்று சொல்லாமல் ‘பபுள்கம்’ என்றே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால், தேங்காய் எண்ணெயும் கம்மை இளக்கும், ஆனால் மெதுவாக. எண்ணெய்க் கறை தனி. மண்ணெண்ணெய் நாற்றம் நாலு துவைப்புக்கும் அசையாது. நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேகமானதுதான், ஆனால் அதிலுள்ள அசிட்டோன், ‘அசிடேட்’ என்கிற செயற்கை இழைத் துணியையே கரைத்துவிடும்.

வாங்கும்போது ஒரு சோதனை. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு வையுங்கள். சுத்தமான தைலம் சில மணி நேரத்தில் ஆவியாகிவிடும். பஜ்ஜி மடித்த தாள் மாதிரி பிசுக்கு நின்றால் வேறு எண்ணெய் கலந்த சரக்கு, துணிக்கு ஆகாது.

தைலம் தீப்பற்றும், அடுப்படியில் வேண்டாம். சிறு பிள்ளைகள் குடித்துவிட்டால் விஷம், கைக்கு எட்டாமல் வையுங்கள். துவைத்து, காய்ந்து, வாசனை அடங்கும்வரை இஸ்திரிக்குக் கொடுக்காதீர்கள். கரிப்பெட்டியில் நெருப்பு கனன்றுகொண்டிருக்கும். கம் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் அது பெட்டியின் அடியில் ஒட்டி, அடுத்த வீட்டுச் சட்டைக்கும் போகும்.