டிசிடியை விட்டு டார்க் கன்வெர்ட்டருக்கு வந்தேன்

ஆறு வருடம் உலர் கிளட்ச் டிசிடி, அதாவது ஆயிலில் மூழ்காத இரண்டு கிளட்சுகள் கொண்ட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள கார், ஓட்டினேன். போன வருடம் 90,000 கிலோமீட்டர் ஓடிய ஒரு டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் வாங்கினேன்; இதில் இன்ஜினின் விசையை ஆயில்தான் கியர்பாக்ஸுக்குக் கடத்தும். இரண்டில் எது என்று கேட்டால், தயங்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இரண்டையும் ஆள்வது டிசியூ என்கிற கியர்பாக்ஸ் கணினிதான். ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, கியர்பாக்ஸுக்குள் வரும் தண்டும் வெளியே போகும் தண்டும் என்ன வேகத்தில் சுற்றுகின்றன, ஆயில் எவ்வளவு சூடு என்று பார்த்துக் கியரைத் தீர்மானிக்கும். கியர் மாறும் நொடியில் இழுவையைக் கொஞ்சம் குறைக்கும்படி இன்ஜின் கணினியிடம் கேட்கும். பழைய ஆட்டோமேட்டிக்குகளில் வண்டியின் வேகத்தை உணரும் கவர்னர் என்ற பாகமும் ஆயில் அழுத்தமும் த்ராட்டில் கேபிளுமே இந்த வேலையைப் பார்த்தன.

டிசிடி சாமர்த்தியமானது. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. மூன்றில் போகும்போதே நான்கைப் போட்டுத் தயாராக வைத்திருக்கும். ஒரு கிளட்ச் விட, மற்றது பிடித்துக்கொள்ளும். 2003இல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32 மூலம் சந்தைக்கு வந்த உத்தி இது. நெடுஞ்சாலையில் அந்தச் சுகமே தனி.

நெரிசலில்தான் பாடு. முன்னால் நிற்கும் வண்டி இரண்டடி நகரும், நாமும் நகர்வோம். ஒவ்வொரு முறையும் டிசியூ கிளட்சைப் பாதி பிடித்து நழுவ விடும். உலர் கிளட்சில் சூட்டை வாங்கிக்கொள்ள ஆயில் கிடையாது. ஒரு மேம்பால ஏற்றத்தில் இருபது நிமிடம் ஊர்ந்தபோது கருகல் வாடை அடித்தது, அப்புறம் டேஷ்போர்டில் எச்சரிக்கை. கிளட்ச் தேயத் தேய, அது பிடிக்கத் தொடங்கும் இடத்தைக் கணினி புதிதாகக் கற்று ஈடுகட்டிக்கொண்டே வரும். அதனால் தேய்மானம் வெகுநாள் வெளியே தெரியாது. இனி ஈடுகட்ட இடமில்லை என்றானதும் முதல் கியரில் வண்டி உதறும். எனக்கு அப்படித்தான் கிளட்ச் செட்டையே மாற்ற வேண்டி வந்தது.

டார்க் கன்வெர்ட்டரில் அந்த நழுவலை ஆயில் ஏற்கிறது. இன்ஜின் பக்கச் சக்கரம் ஆயிலை வீச, எதிர்ச் சக்கரம் சுற்றுகிறது. சூடு ஆயிலோடு கூலருக்குப் போய்விடுகிறது. வேகம் பிடித்ததும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் பூட்டுவதால் வீண் நழுவலும் குறைவு. உள்ளே கியர் மாற்றும் கிளட்சுகளும் ஆயிலில்தான் இருக்கின்றன. சொலினாய்டுகள் என்கிற மின் வால்வுகள் வழியே அவற்றுக்கு எவ்வளவு அழுத்தம் கொடுப்பது என்பதை டிசியூ பார்த்துக்கொள்ளும்.

ஆகவே பராமரிப்பு என்றால் இங்கே ஆயில்தான். ‘வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்ற பேச்சை நம்பாதீர்கள். கியர்பாக்ஸ் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. என் வண்டி காலையில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது லேசாக இடித்தது. மெக்கானிக் கியர்பாக்ஸுக்கு அடியில் இருக்கும் ஆயில் தட்டைக் கழற்றினார். ஆயில் கறுத்திருந்தது, காந்தத்தில் சாம்பல் நிறப் பசை போல உலோகத் தூள். புது ஆயில் ஊற்றி, இன்ஜின் ஓடும் நிலையில், ஸ்கேனரில் ஆயில் சூடு 40 டிகிரி காட்டும்போது மட்டத்தைச் சரிபார்த்தார். பிறகு டிசியூ கற்று வைத்திருந்த பழைய அளவுகளை அழித்தார். முதல் இரண்டு நாள் கியர் முரடாக விழுந்தது. மூன்றாம் நாளிலிருந்து இடியே இல்லை.

ஏஎம்டி என்கிற, மேனுவல் கியர்பாக்ஸையே தானியங்கியாக்கிய வகையும் சாதா கிளட்சைத்தான் மோட்டார் வைத்து மிதிக்கிறது, அதனால் நெரிசலில் அதே தொல்லை. தனித்தனிக் கியர்கள் இல்லாமல் விகிதத்தைச் சீராக மாற்றும் சிவிடியைச் சில நாள் மட்டுமே ஓட்டியிருக்கிறேன். இதமாக இருந்தது, நீண்டகாலத் தீர்ப்பு சொல்ல அது போதாது. ஆயிலில் மூழ்கிய கிளட்ச் கொண்ட டிசிடி சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் அதை நான் வைத்திருந்ததில்லை.

பழைய ஆட்டோமேட்டிக் பார்க்கப் போகிறீர்களா? இன்ஜின் ஆறியிருக்கும்போதே போங்கள். பிரேக்கை மிதித்தபடி டி (முன்னோக்கி) நிலையிலிருந்து ஆர் (ரிவர்ஸ்) நிலைக்கு மாற்றிப் பாருங்கள். கியர் விழத் தாமதமானாலோ தடாலென்று இடித்தாலோ, விலை பேசும் முன் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள்.