சிஎச்341ஏ புரோகிராமர்: சிப்பின் அளவைச் சரியாகச் சொல்லுமா?

ரௌட்டர், மடிக்கணினி பயோஸ் திருத்துகிறவர்கள் கறுப்புப் பலகை சிஎச்341ஏ புரோகிராமரை (யுஎஸ்பியில் செருகி, ஃபிளாஷ் எனும் நினைவகச் சிப்பை வாசிக்கவும் எழுதவும் உதவும் கருவி) தயங்காமல் வாங்கலாம். விலைக்கு மீறி உழைக்கும். ஆனால் கொழும்பில் புறக்கோட்டையிலோ பம்பலப்பிட்டியிலோ காசு கொடுக்குமுன் மல்டிமீற்றரை எடுங்கள். கடைக்காரர் 3.3 வோல்ட் என்பார். ஃபிளாஷ் சிப்புக்குப் போகும் மின்சாரம் மட்டும்தான் 3.3. பலகையிலுள்ள சிஎச்341ஏ ஐசி 5 வோல்டில் ஓடுவதால் தரவுக் கம்பிகளிலும் 5 வோல்ட் ஏறுகிறது. ஐசியின் 28ஆம் காலில் (பின்னில்) வோல்ட்டை அளந்தால் தெரிந்துவிடும். 5 காட்டினால் அந்தக் காலைப் பலகையிலிருந்து தூக்கி, அதையும் 9ஆம் காலையும் 5 வோல்ட்டை 3.3 ஆக்கும் ரெகுலேற்றரின் வெளியீட்டில் பற்றவைக்க வேண்டும். எம்எக்ஸ்25யு போன்ற 1.8 வோல்ட் சிப்புகளுக்கு இதுவும் போதாது, தனி அடாப்டர் வேண்டும்.

லினக்ஸில், சிப்பை வாசித்து எழுதும் மென்பொருளான ஃபிளாஷ்ரொம் கொண்டு ஓட்டுவதே நல்லது. மென்பொருள் முதலில் சிப்பின் அடையாளத்தைக் கேட்கும் 9எஃப் கட்டளையை அனுப்ப, சிப் மூன்று பைட் திருப்பித் தரும். வின்பொண்ட் டபிள்யூ25கியூ128 என்றால் ஈஎஃப் 40 18: நிறுவனம், வகை, அளவு. கடைசி 18 பதினாறடிமான எண், அதாவது 24. இரண்டின் 24ஆம் அடுக்கு பைட் என்றால் 16 மெபிபைட் (ஒரு மெபிபைட் 1024 கிபி, ஒரு கிபி 1024 பைட்). அதற்கு மேல் இந்த மூன்று பைட்டில் ஒன்றுமில்லை. சிப்பை எந்த அளவுத் துண்டுகளாக அழிக்கலாம், 4 கிபியா 64 கிபியா என்பதை மென்பொருள் தன் பட்டியலைப் பார்த்தே சொல்கிறது. மக்ரோனிக்ஸின் சி2 20 18 பல மாதிரிகளுக்குப் பொது. அங்கே ஃபிளாஷ்ரொம் பல பெயர்களைக் காட்டி நிற்கும். சிப்பின் முதுகில் உள்ள எழுத்தை உருப்பெருக்கியில் வாசித்து நாமே பெயர் கொடுக்க வேண்டும்.

நம்பத்தக்க வழி எஸ்எஃப்டிபி, அதாவது சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் விவர அட்டவணை. 5ஏ கட்டளை, மூன்று பைட் முகவரி, ஒரு வெற்று பைட். பதில் 53 46 44 50 என்று தொடங்கினால் சிப் தன் கொள்ளளவையும் அழிப்பு அளவுகளையும் தானே அட்டவணையாகச் சொல்லும். பட்டியலில் இல்லாத சிப்பையும் ஃபிளாஷ்ரொம் இப்படி அடையாளம் காண்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலில் இவ்வகைச் சிப்புகளை இயக்கும் எஸ்பிஐ நோர் டிரைவரும் இதே அட்டவணையைப் படிக்கும். பழைய சிப்புகளில் இது இருக்காது.

அழிப்பு அளவில் அலட்சியம் வேண்டாம். கேர்னலில் 4 கிபி செக்டரை (அழிப்புத் துண்டை) தெரிவுசெய்துவிட்டு யுபிஐஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைப் போட்டால் ஓடாது. அதற்கு ஒரு துண்டு குறைந்தது 15 கிபி இருக்க வேண்டும்.

சிப்பை மதர்போர்ட்டிலிருந்து கழற்றாமலே கவ்வுவதற்கென்று கூட வரும் கிளிப்தான் இந்தப் பொதியின் பலவீனம். அடையாளம் எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப் அல்லது முழுக்கச் சுழியமாக வந்தால் சிப் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் கிளிப் சரியாகக் கவ்வவில்லை, அல்லது மதர்போர்ட்டின் மற்றப் பகுதிகள் அந்த 3.3 வோல்ட்டை உறிஞ்சுகின்றன. சிவப்புக் கம்பி சிப்பின் புள்ளிக்கு நேரே இருக்க வேண்டும். பற்றரியையும் சார்ஜரையும் முதலே கழற்றுங்கள். அப்படியும் வராவிட்டால் சிப்பைக் கழற்றிப் புரோகிராமரின் சொக்கற்றில் வையுங்கள்.

வாசித்த கோப்பை உடனே நம்பவும் கூடாது. இருமுறை வாசித்து ஒப்பிடுங்கள், இரண்டும் ஒன்றாக வந்த பிறகே எழுதுங்கள். புதிதாக வாங்கிய 16 மெபிபைட் சிப் என்றால் தற்செயல் தரவை முழுக்க எழுதித் திரும்ப வாசியுங்கள். முதல் 8 மெபிபைட்டும் அடுத்த 8-உம் ஒன்றாக இருந்தால் அது சிறிய சிப்புக்குப் பெரிய பெயர் அச்சடித்தது. அன்றே கடைக்குத் திருப்புங்கள்.