விண்ணப்ப எண் கையில் இருந்தால்: ஆன்லைன் வேலை விண்ணப்பம், இரண்டு பக்கமும் பார்த்தவளின் மதிப்பீடு

பதினான்கு மாதங்களில் 63 வேலைகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தேன். அதில் கிடைத்த வேலையில் இரண்டு வருடமாக என் பொறுப்புகளில் ஒன்று, வந்து குவியும் விண்ணப்பங்களைத் திறந்து படிப்பது. கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம் முதல் சுற்றுப் பார்வை என்னுடையது. அதனால் அனுப்புகிறவரின் தவிப்பும் தெரியும், பிரித்துப் பார்க்கிறவரின் சிரமமும் தெரியும். இது ஏதோ ஒரு தளத்தைப் பற்றிய விமர்சனம் இல்லை. ஆன்லைனில் விண்ணப்பிப்பது என்கிற முறையையே மதிப்பிட்டு எழுதுகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் வேகத்தைச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது, விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த சில நொடிகளில் வரும் அந்த மின்னஞ்சல். 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது' என்று ஒரு வரி. கீழே ஒரு எண், தேதி, நேரம். வேலை தேடுகிறவர் கையில் இருக்கும் ஒரே ரசீது அதுதான்.

என் முதல் வேலைத் தேடல் முழுக்கக் காகிதத்தில் நடந்தது. உறையை ஒட்டித் தபால் பெட்டியில் போட்டால் அதோடு சரி. போய்ச் சேர்ந்ததா, யார் மேசையில் கிடக்கிறது, பிரித்தார்களா, எதுவும் தெரியாது. ஒரு நிறுவனத்தில் நேரிலேயே கொண்டுபோய் வரவேற்பில் கொடுத்தேன். பத்து நாள் கழித்துப் போன் செய்தால், "அப்படி எதுவும் வரவில்லையே" என்றார்கள். கொடுத்தேன் என்று காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? போனை வைத்துவிட்டேன்.

இரண்டாவது தேடலில் ஏறக்குறைய இதே பதில் இன்னொரு இடத்திலிருந்து வந்தது. "உங்கள் பெயரில் எதுவும் காட்டவில்லை மேடம்." இந்த முறை எண் இருந்தது. ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். மறுமுனையில் தட்டுகிற சத்தம் கேட்டது. "இருக்கிறது மேடம், வேறு கிளையின் பட்டியலில் போய் விழுந்திருக்கிறது. மாற்றிவிடுகிறேன்." அடுத்த வாரம் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். அந்த வேலை கிடைக்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் என் தகுதியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். விண்ணப்பம் தொலைந்துபோய் வேண்டாம் ஆகவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பெரிது.

அந்தத் தேடலுக்கு முன்பு இரண்டரை வருடம் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டிருந்தேன். பகலில் வெளியே போக முடியாது. அம்மா தூங்கிய பிறகு, ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் லேப்டாப்பைத் திறப்பேன். பாதி நிரப்பும்போது அம்மா கூப்பிட்டால் 'வரைவாகச் சேமி' என்பதை அழுத்திவிட்டு எழுந்து போவேன். மறுநாள் விட்ட இடத்தில் தொடர்வேன். வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுகிறவருக்கும், கைக்குழந்தை உள்ளவருக்கும், படியேறி அலுவலகம் அலுவலகமாகப் போக முடியாத மாற்றுத்திறனாளிக்கும் இது எவ்வளவு பெரிய உதவி என்று அந்த ராத்திரிகளில்தான் புரிந்தது. வெளியூர் வேலைக்கும் பக்கத்துத் தெரு வேலைக்கும் ஒரே முயற்சி போதும்.

சரி, இனி எனக்கு அடி விழுந்த இடம். விண்ணப்பங்களை வாங்கி வரிசைப்படுத்தும் மென்பொருளை ஏடிஎஸ் என்பார்கள். ரெஸ்யூமேவை அப்லோட் செய்தால் அதுவே படித்து, பெயர், பதவி, அனுபவம் என்று கட்டங்களை நிரப்பிவிடும். என் ரெஸ்யூமே பார்க்க அழகாக இருக்கும். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் திறன்கள், வலது பக்கம் வேலை அனுபவம். முதல் பதினோரு விண்ணப்பங்களை நிரம்பிய கட்டங்களைப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன். பன்னிரண்டாவதில் நிதானமாக மேலிருந்து பார்த்தேன். 'நிறுவனம்' என்ற கட்டத்தில் 'எக்செல் முதுநிலைக் கணக்காளர்' என்று இருந்தது. 'பதவி' கட்டத்தில் என் போன் நம்பர். ஒன்பது வருட அனுபவம் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். இடது பக்க வரியையும் வலது பக்க வரியையும் குறுக்கே சேர்த்துப் படித்திருக்கிறது மென்பொருள். முந்தைய பதினோரு இடங்களிலும் நான் என்னவாகத் தெரிந்திருப்பேன் என்று நினைத்து அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

மறுநாளே ரெஸ்யூமேவை இரண்டாகப் பிரிக்காமல், மேலிருந்து கீழாக ஒரே வரிசையாக மாற்றினேன். பெட்டி, படம், அட்டவணை எதுவும் இல்லை. தலைப்புகள் 'பணி அனுபவம்', 'கல்வி' என்று நேரடியாக. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பிடிஎஃப் கோப்பைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை குலைந்தால் மென்பொருளுக்கும் பெரும்பாலும் அப்படித்தான் தெரியும். எதையுமே தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால், அனுப்புவது எழுத்து இல்லை, வெறும் படம். நான் பார்த்த விண்ணப்பதாரர்களில் நிறையப் பேர் காகிதத்தை ஸ்கேன் செய்து அப்படியே ஏற்றுகிறார்கள். நல்ல அனுபவம் உள்ளவர்கள், நாங்கள் மென்பொருளில் தேடும்போது வராமலே போய்விடுகிறார்கள்.

இனி இந்தப் பக்கம். நான் சேர்ந்தபோது எங்கள் அலுவலகத்தில் விண்ணப்பங்கள் மின்னஞ்சலில்தான் வந்தன. 'ரெஸ்யூமே', 'ரெஸ்யூமே நியூ', 'ஃபைனல்' என்ற பெயர்களில் நூற்று நாற்பது கோப்புகள். யாரைப் பார்த்தோம், யாரைப் பார்க்கவில்லை என்று தனியாக ஒரு பட்டியல். ஒரு முறை ஆள் எடுத்து முடித்த பிறகு ஸ்பாம் பெட்டியில் நான்கு விண்ணப்பங்கள் கிடந்ததைப் பார்த்தேன். அதில் ஒருவர் நாங்கள் எடுத்தவரைவிடப் பொருத்தமானவர். அந்த நான்கு பேருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

இப்போது விண்ணப்பங்களை வாங்க எங்களுக்கே ஒரு தளம், போர்ட்டல், இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே படிவம், ஒரே கேள்விகள். நாங்கள் சேர்த்த ஒரு கேள்வி: 'மாதக் கடைசியில் வங்கிக் கணக்கும் உங்கள் பேரேடும் ஒத்துப்போகவில்லை. முதலில் எதைப் பார்ப்பீர்கள்?' ஐந்தே வரிதான் எழுத முடியும். அந்த ஐந்து வரி எனக்கு மூன்று பக்க ரெஸ்யூமேவைவிட அதிகம் சொல்கிறது. இன்னும் பணமாகாத காசோலைகளை முதலில் எடுப்பேன் என்று எழுதுகிறவர் அந்த வேலையைச் செய்தவர். என்னோடு இன்னொரு சாரும் தனியாக மதிப்பெண் போடுவார். அதன் பிறகுதான் இருவரும் ஒப்பிட்டுப் பார்ப்போம். யாரை ஏன் தள்ளினோம் என்பது பதிவில் நிற்கிறது. யாராவது கேட்டால் பதில் சொல்ல முடிகிறது. நிறுவனத்துக்கு மிச்சமாகும் நேரத்தைவிட இதைத்தான் நான் பெரிய லாபமாக நினைக்கிறேன்.

ஆனால் விண்ணப்பங்களைத் தானாகவே ஒதுக்கும் ஃபில்டர் விஷயத்தில் கவனம் வேண்டும். எங்கள் போர்ட்டல் வந்த புதிதில் 'வேலையில் இடைவெளி 6 மாதத்துக்கு மேல்: ஒதுக்கு' என்ற கட்டம் டிக் ஆகியிருந்தது. யாரும் யோசித்து வைத்தது இல்லை. அந்த டிக் நான் விண்ணப்பித்த காலத்தில் இருந்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். எடுத்துவிட்டேன். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் ஆக்சென்சரும் 2021ல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொன்னது: தகுதியுள்ளவர்களை இந்த மாதிரி தானியங்கி விதிகள் கண்ணுக்கே தெரியாமல் வெளியே தள்ளுகின்றன. அமேசான் சோதித்துப் பார்த்த ஒரு மென்பொருள், பழைய பத்து வருட ரெஸ்யூமேக்களைப் படித்துப் பழகி, பெண்களைக் குறிக்கும் சொல் வந்தாலே மதிப்பைக் குறைத்தது என்று 2018ல் செய்தி வந்தது. அதை அவர்கள் கைவிட்டார்கள். பழைய பாரபட்சத்தைக் கொடுத்துப் பழக்கினால் மென்பொருள் அதையே வேகமாகச் செய்யும்.

வேலைத் தளத்தில் ஏற்கெனவே ஏற்றிவைத்த ரெஸ்யூமேவை ஒரே சொடுக்கில் அனுப்பும் வசதிக்கு நான் குறைவாகத்தான் மதிப்பெண் தருவேன். கடைசியாக நாங்கள் போட்ட விளம்பரத்துக்கு வந்த 340 விண்ணப்பங்களில் 212 அந்த வழியில் வந்தவை. விளம்பரத்தைப் படித்ததற்கான அடையாளமே பலவற்றில் இல்லை. நானும் அந்த 63ல் பத்தொன்பதை அப்படித்தான் அனுப்பினேன். ஒன்றிலிருந்தும் அழைப்பு வரவில்லை. எனக்கு வந்த ஏழு அழைப்புகளும் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ மின்னஞ்சலிலோ நேரடியாக அனுப்பியவற்றுக்கு வந்தவை. வேலைத் தளத்தில் விளம்பரத்தைக் கண்டுபிடியுங்கள், விண்ணப்பத்தை நிறுவனத்தின் தளத்தில் போடுங்கள். அப்படிப் போனால் விளம்பரம் உண்மையா என்பதும் தெரிந்துவிடும். தனியார் வேலைக்குப் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று யார் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வேலை கொடுக்கிறவர் காசு கேட்கமாட்டார்.

குறைகளில் என்னை மிகவும் வாட்டியது மௌனம். 63ல் 38 இடங்களிலிருந்து முதல் ரசீதுக்கு அப்புறம் ஒரு சொல்கூட வரவில்லை. 'பரிசீலனையில்' என்ற நிலை எட்டு மாதம் அப்படியே நின்றது ஓரிடத்தில். நிராகரிப்புக் கடிதம் அனுப்ப மென்பொருளில் ஒரே ஒரு பட்டன் போதும். ஆள் எடுத்து முடித்த அன்றே அதை அழுத்திவிட்டுத்தான் நான் வீட்டுக்குக் கிளம்புகிறேன். இன்னொரு குறை, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் புதுக் கணக்கு, புதுப் பாஸ்வேர்டு. ரெஸ்யூமேவை ஏற்றிய பிறகும் அதே விவரங்களைத் திரும்ப அடிக்கச் சொல்கிறார்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவரைக் குடும்பப் பெயர் கேட்டு நகர விடாத படிவங்களும் உண்டு.

தளங்களை நம்பி எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிடவும் கூடாது. 1994ல் தொடங்கிய மான்ஸ்டரும் 1995ல் தொடங்கிய கேரியர்பில்டரும் ஆன்லைன் வேலைத் தளங்களின் முன்னோடிகள். இரண்டும் இணைந்த நிறுவனம் 2025 ஜூனில் அமெரிக்காவில் திவால் மனு போட்டது. நான் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனி ஃபோல்டர் வைத்திருந்தேன். அனுப்பிய ரெஸ்யூமே, ரசீது மின்னஞ்சல், அப்புறம் முக்கியமாக விளம்பரத்தின் பிடிஎஃப். கடைசித் தேதி முடிந்ததும் விளம்பரத்தை எடுத்துவிடுகிறார்கள். அழைப்போ மூன்று வாரம் கழித்து வருகிறது.

இப்போதைய வேலைக்கான இன்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி அந்தப் பிடிஎஃப்பைத் திறந்து படித்தேன். 'சம்பளப் பட்டியல் தயாரிப்பு' என்று கடைசிக்கு முந்தின வரியில் இருந்தது. மற்ற எல்லாவற்றையும் தயார் செய்திருந்தேன், அதை மறந்தே போயிருந்தேன். ஒரு மணி வரை உட்கார்ந்து பழைய குறிப்புகளைப் புரட்டினேன். மறுநாள் அவர்கள் கேட்ட இரண்டாவது கேள்வி அதுதான்.